தமிழ்த் தூதர் தனிநாயக அடிகளார்

ஒரு மொழியின் புகழ் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் தமக்குள் தாமே பாராட்டிக்கொள்வதனால் வளர்ந்துவிடுவதில்லை. பிறர் அதனைக் கற்று, ஆராய்ந்து, அதன் அருமையைத் தாமே உணர்ந்து ஏற்றுக்கொள்ளும்போதுதான் அம்மொழி உலகத்தின் பொதுச் செல்வமாகின்றது. இவ்வுண்மையை நன்கு உணர்ந்து, தம் வாழ்நாள் முழுவதையும் அப்பணிக்கே ஒப்படைத்தவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். அவரே சேவியர் தனிநாயக அடிகளார். உலகத் தமிழ் மாநாடு என்னும் பெயரைக் கேள்வியுறாத தமிழர் இன்று இல்லை. ஆயினும் அம்மாநாட்டிற்கு வித்திட்டவரின் வாழ்வை முழுமையாக அறிந்தவர் சிலரேயாவர்.

போசரியில் வாழும் நாம், பிழைப்பை நாடி வந்த இடத்தில் சங்கம் அமைத்து, ஆண்டுதோறும் விழா எடுத்து, மலர் வெளியிட்டு மகிழ்கின்றோம். சொந்த மண்ணை விட்டு நீங்கியவன் தன் மொழியை எவ்வாறு காப்பது, அண்டை மொழியினரிடம் அதனை எவ்வாறு எடுத்துரைப்பது என்னும் வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. அடிகளார் இவ்வினாக்களுக்கு விடை காணவே நாடு நாடாகச் சென்றார். கண்டம் விட்டுக் கண்டம் கடிதம் எழுதினார். ஆகவே அவர்தம் வாழ்க்கை வரலாறு இம்மலரில் இடம்பெறுவது மிகவும் பொருத்தமுடையதென நாம் கருதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளுள் ஒன்றில் ஊர்காவற்றுறை என்னும் துறைமுக ஊர் உள்ளது. அதன் அருகிலுள்ள கரம்பொன் என்னும் சிற்றூரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் அடிகளார் பிறந்தார். ஊர்காவற்றுறையில் புனித அந்தோனியார் பள்ளியிலும், பின்னர் யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்தில் உயர்கல்வி என்றால் ஆங்கிலக் கல்வியே. ஆகவே தமிழ் மண்ணில் பிறந்து, தமிழ் இல்லத்தில் வளர்ந்த அவ்விளைஞருக்குத் தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி பெறும் வாய்ப்புக் கிட்டவில்லை.

இறைப்பணியில் ஈடுபாடு கொண்டு கொழும்பிலுள்ள குருமடத்தில் சேர்ந்தார். 1934இல் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஐந்தாண்டுகள் சமய இயல் பயின்றார்; 1938இல் குருப்பட்டம் பெற்றார்; பண்டைக் காலத்துக் கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துகீசியம், இசுப்பானியம், செருமன் முதலிய மொழிகளில் அவர் பெற்ற பயிற்சி, பிற்காலத்தில் தமிழுக்கே பயன்படுமென்று அன்று எவர்தாம் எண்ணியிருப்பர்?

பல நாட்டு மாணவர் ஒன்றுகூடிய அவ்விடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டின் மொழியையும் கலையையும் பற்றிப் பெருமிதத்தோடு பேசினர். தமிழ் மாணவரும் தம் மொழியைப் பற்றிப் பேச வேண்டுமன்றோ? அங்கிருந்த தமிழ் மாணவர் சிலரைக் கூட்டி வீரமாமுனிவர் பெயரால் கழகம் ஒன்றை நிறுவினார் அவர். இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்து தமிழ்ப் புலவரான பெஸ்கி பாதிரியாரின் பெயரை, தமிழகத்திலிருந்து இத்தாலி சென்ற மாணவர் தம் கழகத்திற்குச் சூட்டியது எவ்வளவு பொருத்தம்!

தமிழ் பயின்ற துறவி

குருப்பட்டம் பெற்றுத் திரும்பிய அடிகளார் தமிழகத்தில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்றார். 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் பள்ளிப்பணி புரிந்தார். அங்கேதான் அவர் வாழ்வில் பெரியதொரு திருப்பம் நேர்ந்தது. முறையாகத் தமிழ் கற்க வேண்டும் என்னும் வேட்கை அவருள் எழுந்தது. முனைவர் பட்டம் பெற்ற துறவியார், முப்பது வயதை நெருங்கிய நிலையில், பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். கற்றது போதும் என்னும் நிறைவு அவருக்கு ஏற்படவில்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து தமிழ் முதுகலைப் பட்டம் பெற்றார். தொடர்ந்து சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றி ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார். தம் முன்னோர் பெயராகிய தனிநாயகம் என்பதைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டதும் இக்காலத்தையொட்டியே ஆகும்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பாகுபாடு நமக்குப் பள்ளிப் பாடம். ஆனால் கிரேக்கத்தையும் இலத்தீனையும் முதலில் கற்றுப் பின்னர் சங்க நூல்களைத் திறந்த அடிகளாருக்கு அது பெருவியப்பாய் இருந்தது. மலையும் காடும் வயலும் கடலும் வெறும் பின்னணியாக நில்லாமல், மாந்தரின் உள்ளத்து உணர்வுகளோடு ஒன்றி நிற்கும் இம்முறை பிற பண்டை இலக்கியங்களில் இத்துணைச் செம்மையாக இல்லை என்பதை அவர் ஒப்பிட்டுக் கண்டார். இங்ஙனம் ஒப்பிட்டுக் காணும் கண்ணே அவர் தமிழுக்குக் கொணர்ந்த தனிப்பெருஞ் செல்வம். நம் மொழியே சிறந்தது என்று முழங்குவது எளிது. எவ்வகையில் சிறந்தது, எதனோடு ஒப்பிடச் சிறந்தது என்று சான்று காட்டுவதே அரிது. அடிகளார் அரிய வழியையே தேர்ந்தார்.

அறிஞர் அரங்கில் தமிழின் நிலை

அக்காலத்து நிலையை நாம் நினைவுகூர்தல் வேண்டும். ஆசிய நாடுகளின் மொழி, வரலாறு, தத்துவம் ஆகியவற்றை ஆராயும் அறிஞர்கள் 1873ஆம் ஆண்டு முதல், பாரிசில் தொடங்கி, அவ்வப்போது பேரவையாகக் கூடி வந்தனர். கீழ்த்திசைக் கலையறிஞர் பேரவை என்பது அதன் பெயர். இந்தியாவைப் பற்றிய ஆய்வு என்றால் அவ்வரங்கில் பெரும்பாலும் வடமொழி ஆய்வே. தமிழும் பிற திராவிட மொழிகளும் ஓர் ஓரத்திலேயே இடம்பெற்றன.

நாம் வாழும் புணே நகரம் இத்துறையில் பெரும்புகழ் வாய்ந்தது. சர் இராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் பெயரால் 1917இல் நிறுவப்பெற்ற கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் இங்குதான் உள்ளது. அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாடு முதன்முதலாகக் கூடியதும் 1919இல் இந்நகரில்தான். மகாபாரதத்தின் ஓலைச்சுவடிகளையும் கையெழுத்துப் படிகளையும் பல பகுதிகளிலிருந்து திரட்டி, ஒப்புநோக்கி, 1966இல் செம்பதிப்பை நிறைவு செய்த பெருமையும் அந்நிறுவனத்திற்கே உரியது. தென்னாட்டுக் கிரந்த எழுத்துச் சுவடிகளும் அப்பணிக்கு உதவின. தக்காணக் கல்லூரியில் 1954 முதல் நடைபெற்ற மொழியியல் பயிற்சிகள் புதியதொரு தலைமுறை மொழியறிஞரை உருவாக்கின. ஒரு நூலுக்காகப் பல்லாண்டு பொறுமையோடு உழைக்கும் இத்தகைய அறிவு மரபு நம் அருகிலேயே இருப்பதை நாம் மறத்தலாகாது. தமிழுக்கும் இத்தகைய ஆய்வு மரபு உலக அளவில் அமைய வேண்டும் என்பதே அடிகளாரின் கனவாய் இருந்தது.

தமிழை ஆராய்ந்த அயல்நாட்டவர் இல்லாமல் இல்லை. பாரிசில் ஒருவர், ஆக்சுபோர்டில் ஒருவர், நெதர்லாந்தின் லெய்டனில் ஒருவர், அமெரிக்காவின் பெர்க்கிலியில் ஒருவர், செக்கோசுலோவாக்கியாவின் பிராகு நகரில் ஒருவர் என்று ஆங்காங்கே இருந்தனர். ஆனால் ஒருவர் செய்வதை மற்றவர் அறிய வாய்ப்புக் குறைவாயிருந்தது. தனித்தனியே எரிந்த இவ்விளக்குகளை ஒரு வரிசையில் வைக்க ஒருவர் வேண்டியிருந்தது.

ஓர் இதழும் பல கடிதங்களும்

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார் அடிகளார். 1949 தொடங்கி மலாயா, ஜப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். சென்ற இடமெல்லாம் அவர் கண்டது ஒன்றே: இந்தியாவைப் பற்றி அறிந்தோர் பலர், தமிழைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலர். அவர்கள்மீது குறை கூறி என்ன பயன்? நாம் சொல்லவில்லை, ஆகவே அவர்கள் அறியவில்லை என்று அவர் முடிவுகொண்டார்.

அம்முடிவின் பயனாக 1952இல் பிறந்தது ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் இதழ். தமிழ்ப் பற்றுடைய ஒருவர் ஆங்கிலத்தில் இதழ் நடத்துவதா என்று சிலர் ஐயுறக்கூடும். தமிழருக்குத் தமிழைச் சொல்லத் தமிழ் இதழ்கள் உண்டு. தமிழறியாதவருக்குத் தமிழைச் சொல்ல அவர்கள் அறிந்த மொழியில்தானே சொல்லுதல் வேண்டும்? கடைக்கு வருபவன் அறியும் மொழியில் பேசாத வணிகனிடம் எவர் சரக்கு வாங்குவர்?

முத்திங்கள் இதழ் ஒன்றை நடத்துவதென்பது, அக்காலத்தில், பெரிதும் கடிதம் எழுதும் வேலையேயாகும். கட்டுரை வேண்டி எழுதுதல், வந்த கட்டுரையைப் படித்து ஐயம் கேட்டு எழுதுதல், ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தால் இருவருக்கும் இடையே நின்று எழுதுதல், அச்சுப் படியை அனுப்பித் திருத்தம் பெறுதல் ஆகிய அனைத்தும் அஞ்சல் வழியே நடைபெற வேண்டும். அயல்நாட்டிலிருந்து மறுமொழி வரப் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். தொலைபேசியைத் தொட்டவுடன் உலகம் கையில் வரும் இந்நாளில், அந்தப் பொறுமையின் அளவை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதும் அரிது.

இவ்விதழில் பிராகு நகரத்துக் கமில் சுவலபில் எழுதினார். தமிழகத்திலிருந்து வெகு தொலைவில், நூல்களின் துணைகொண்டே தமிழைக் கற்கத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கில உலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மை வாய்ந்தவரானார். 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த ழான் பிலியோசாவோடும் அடிகளாருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. ஆக்சுபோர்டில் வடமொழிப் பேராசிரியராய் இருந்த தாமஸ் பரோவும், பெர்க்கிலியில் இருந்த எமனோவும் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்தபடியே உழைத்து, 1961இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டனர். வடமொழி அறிஞர்களே திராவிட மொழிகளுக்கு அகராதி அமைத்த இச்செயல், வடமொழிக்கும் தமிழுக்கும் பகை மூட்டுவோர் சிந்திக்கத்தக்கது. அடிகளாரும் எம்மொழியையும் பழித்துத் தமிழை உயர்த்தியவர் அல்லர்.

பழைய நூல்களைத் தேடி

அடிகளாரின் பன்மொழிப் புலமை தமிழுக்குக் கொணர்ந்த பயன்களுள் தலையாயது பழைய அச்சு நூல்களைப் பற்றிய ஆய்வாகும். தமிழ் முதன்முதலில் அச்சேறியது எங்கே? சென்னையிலா, தரங்கம்பாடியிலா? இரண்டும் அன்று. போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் 1554ஆம் ஆண்டு, தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்துச் சமயச் சிறுநூல் ஒன்று அச்சிடப்பட்டது. அதனை ஆக்கியோர் வின்சென்தே நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா தா குருஸ் என்னும் மூன்று தமிழர். பெயர்கள் போர்த்துகீசியப் பெயர்களாயினும் அவர்கள் நம்மவர்களே. அயல்நாட்டில் இருந்துகொண்டு தாய்மொழியை அச்சில் ஏற்றிய அம்மூவரையும் புலம்பெயர்ந்த தமிழருள் முன்னோடிகள் என்று போற்றுதல் தகும். லிஸ்பனில் பாதுகாக்கப்பட்ட அந்நூலைப் பற்றி அடிகளார் நேரில் ஆராய்ந்து எழுதினார்.

தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’. அண்ட்ரிக் அடிகளார் எனப்பெறும் என்றீக்கே என்றீக்கசு ஆக்கிய பதினாறு பக்கச் சிறுநூல் அது. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறியது அதுவே முதன்முறை. அதன் படி ஒன்று அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக் கழக நூலகத்தில் இருக்கின்றது. இவை போன்ற நூல்களைப் பற்றித் தம் இதழில் எழுதித் தமிழுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார் அடிகளார்.

1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் வரலாறு இன்னும் உருக்கமானது. அதனைத் தொகுத்த அந்தாம் தெ புரோயென்சா என்னும் துறவியார், நூல் அச்சேறுவதற்கு முன்னரே, 1666இல் காலமானார். நூலின் படிகளும் காலப்போக்கில் மறைந்தன. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த படியைக் கண்டறிந்த அடிகளார், அதனை நிழற்படப் பதிப்பாக 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மக்கள் நாவில் வழங்கிய தமிழ்ச் சொற்கள் இவ்வாறு மீண்டும் நம் கைக்கு வந்தன.

கடல் கடந்த தமிழர்

1952 முதல் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராய் அடிகளார் பணியாற்றினார். இடையே இலண்டன் சென்று பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து மற்றுமொரு முனைவர் பட்டம் பெற்றார். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியபோது, தமிழரின் மொழியுரிமைக்காக எழுதியும் பேசியும் வாதாடினார். 1961இல் மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறைப் பேராசிரியராய்ப் பொறுப்பேற்றுக் கோலாலம்பூர் சென்றார்.

தமிழர் எங்கெங்குச் சென்றனரோ அங்கெல்லாம் தமிழுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்டறிவதில் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. தாய்லாந்தில் அரண்மனைப் பிராமணர் நடத்தும் திரியெம்பாவை என்னும் விழாவில் திருவெம்பாவையின் சுவடு இருப்பதைப் பற்றி எழுதினார். மொழி மறைந்தது, பொருள் மறந்தது, ஒலி மட்டும் வழிவழியாய் வாழ்கின்றது. மேலைக் கடலில் உள்ள மார்த்தினீக்குத் தீவிற்கு 1853 முதல் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழரைப் பற்றியும் ஆராய்ந்தார். அத்தீவில் மாரியம்மன் வழிபாடு எஞ்சியது. மதுரைவீரன் பெயர் உருமாறி எஞ்சியது. தமிழ்ப் பெயர்கள் சில எஞ்சின. ஆனால் தமிழ்ப் பேச்சு எஞ்சவில்லை. பேரன் பேத்திகள் பிரெஞ்சும் கிரியோலும் பேசினர்.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். மொழி ஒரு நாளில் இறப்பதில்லை. முதலில் எழுத்து மறையும். பின்னர் படிப்பு மறையும். பேச்சு சிலகாலம் அடுக்களையில் வாழும். அதன்பின் பாட்டியோடு அதுவும் போய்விடும். கோயில் இருந்தால் மொழி இருக்கும் என்று நம்புவோர்க்கு மார்த்தினீக்கு ஓர் எச்சரிக்கை. நம் காலனியில் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கற்கும் பிள்ளைகளுள், வீட்டில் தமிழ் பேசுவோர் பலர்; தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்போர் எத்தனை பேர்? முதற்படி நம் இல்லங்களிலேயே தொடங்கிவிட்டதன்றோ?

தில்லியில் கூடிய அவை

1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கீழ்த்திசைக் கலையறிஞரின் இருபத்தாறாவது பேரவை புதுதில்லியில் கூடியது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் அறிஞர்கள் வந்து குழுமும் அவ்வாய்ப்பை அடிகளார் நழுவவிடவில்லை. கேரளப் பல்கலைக் கழகத்தின் வ. அய். சுப்பிரமணியம் முதலியோரோடு சேர்ந்து, தமிழாய்விலும் திராவிட மொழியாய்விலும் ஈடுபட்ட அறிஞர்களைத் தனியே ஓர் அவையாகக் கூட்டினார். சனவரி 7ஆம் நாள் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் அங்கே பிறந்தது. பிலியோசா தலைவரானார், அடிகளாரும் சுவலபிலும் செயலாளர்களாயினர். பல்லாண்டுகளாக அஞ்சல் உறையிலும் இதழ்ப் பக்கத்திலும் மட்டுமே சந்தித்துக்கொண்டவர்கள் ஓர் அமைப்பாயினர்.

இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. தமிழுக்கென எழுந்த உலக மன்றத்திற்குத் தலைவராய் அமர்ந்தவர் தமிழர் அல்லர், பிரெஞ்சுக்காரர். செயலாளருள் ஒருவர் செக்கு நாட்டவர். தமிழர் தம் பெருமையைத் தாமே பேசும் கூட்டமாக அது அமைந்துவிடாமல், உலகறிஞர் ஒப்பும் ஆய்வு மன்றமாக விளங்க வேண்டுமென்று அடிகளார் கொண்ட கருத்து இதனால் விளங்கும். முன்னிருக்கையைப் பிறர்க்கு அளித்துவிட்டு, சுமையைத் தாம் ஏற்றுக்கொண்டார் அவர்.

மாநாடுகள்

மன்றத்தின் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்பிரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடைபெற்றது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்தார். தமிழ் பேசாத ஒரு நாட்டின் அரசு, தமிழுக்காக உலகறிஞரை வரவேற்றது அந்நாள்வரை காணாத காட்சி. அடிகளார் தொகுத்த தமிழாய்வு நூல்களின் வழிகாட்டியும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. பல நாடுகளில் நடைபெறும் தமிழாய்வைப் பற்றி அவ்வந்நாட்டு அறிஞரைக் கொண்டே எழுதுவித்த தொகுப்பு 1968இல் வெளிவந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே எத்துணைக் கடிதங்கள் சென்று வந்திருக்கும் என்பதை நாம் ஊகித்தே அறிதல் வேண்டும்.

இரண்டாவது மாநாடு 1968 சனவரியில் அறிஞர் அண்ணாதுரை முதலமைச்சராய் இருந்தபோது சென்னையில் பெருவிழாவாய் நடைபெற்றது. கடற்கரையில் கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப் முதலியோரின் சிலைகள் எழுந்தது அப்போதுதான். மூன்றாவது மாநாடு 1970இல் பாரிசில் கூடியது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் சென்னையில் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. ஆய்வரங்கும் மக்கள் விழாவும் இணையும்போது பின்னதன் ஆரவாரம் முன்னதை மறைத்துவிடும் இடர் உண்டு. பின்வந்த மாநாடுகள் சிலவற்றைப் பற்றி அறிஞர்கள் இக்குறையைக் கூறியுள்ளனர். 1995இல் தஞ்சையில் எட்டாவது மாநாடு நடந்தபின், ஒன்பதாவது மாநாடு 2015இல்தான் கோலாலம்பூரில் கூடியது என்பதும் எண்ணத்தக்கது. இருபது ஆண்டு இடைவெளி! அமைப்பைத் தோற்றுவிப்பதினும் அதனைத் தொடர்ந்து பேணுதல் கடினம் என்பதை நம் போன்ற சங்கத்தாரும் அறிவோம்.

இறுதி ஆண்டுகள்

1969இல் மலாயாப் பல்கலைக் கழகப் பணியை விட்டு நீங்கிய அடிகளார், பின்னர் தாம் பிறந்த யாழ்ப்பாண மண்ணிற்கே திரும்பினார். நான்காவது மாநாடு 1974 சனவரியில் அங்கேயே நடைபெற்றது. நாடெங்கும் சுற்றியவர் தம் சொந்த ஊரில் உலகறிஞரை வரவேற்கும் பேறு பெற்றார். ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சனவரி 10ஆம் நாள் மாலை, பொதுமக்கள் பெருந்திரளாய்க் கூடியிருந்த நிறைவுக் கூட்டத்தில் காவல்துறையினர் புகுந்து கலைத்தனர். துப்பாக்கி ஒலித்தது, மின்கம்பி அறுந்து வீழ்ந்தது, தமிழ் கேட்க வந்த மக்கள் சிலர் பிணமாயினர். மொழியை அன்பின் பாலமாகவே கண்டு, பிற இனத்தாரையும் மொழியாரையும் நண்பராக்கிய ஒருவரின் ஊரில், அவர் கண்ட கனவின் விழாவிலேயே இக்கொடுமை நேர்ந்தது. அவருள்ளம் எத்துணை நைந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் அவர் பணியை நிறுத்தவில்லை. உடல்நலம் குன்றிய 1980ஆம் ஆண்டிலும் தமிழாய்வின் சென்ற காலத்தையும் வருங்காலத்தையும் ஆராய்ந்து நினைவுப் பேருரை ஆற்றினார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அகவை அறுபத்தேழு. அடுத்த நான்கு திங்களில், 1981 சனவரியில், ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியது. வித்திட்டவர் இல்லாமலே பயிர் வளர்ந்தது.

நாம் செய்யத்தக்கது

‘தமிழ்த்தூது’, ‘ஒன்றே உலகம்’ என்பன அடிகளார் தமிழில் எழுதிய நூல்களுள் இரண்டு. இப்பெயர்களே அவர்தம் வாழ்வின் சுருக்கம். தூதன் தன் நாட்டின் பெருமையை மட்டும் பேசிவிட்டுத் திரும்புபவன் அல்லன். சென்ற நாட்டின் நன்மையையும் அறிந்து தன்னவர்க்கு உரைப்பவன். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு அடிகளாரின் நெஞ்சிற்கு மிகவும் உகந்ததாய் இருந்ததில் வியப்பில்லை.

நம் நிலையும் ஒருவகைத் தூதே. இந்திராயணிக் கரையில் ஆளந்தியும் தேகூவும் நமக்கு அண்மையில் உள்ளன. ஞானேசுவரரும் துக்காராமும் மராத்தி மக்களின் நாவில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களைப் பற்றி நாம் எவ்வளவு அறிவோம்? நம் ஆழ்வாரையும் நாயன்மாரையும் பற்றி நம் மராத்தி நண்பர்க்கு எவ்வளவு சொன்னோம்? தொழிற்சாலையில் ஒரே பட்டறையில் நின்று உழைக்கும் இருவர், ஒருவர் மொழியின் செல்வத்தை மற்றவர் அறியாமலே ஓய்வு பெறுவது வருந்தத்தக்கது. அடிகளார் பாரிசுக்கும் பிராகுக்கும் எழுதினார். நாம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாலே போதும்.

மற்றொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் ஊரிலுள்ள பாட்டனுக்கும் பாட்டிக்கும் திங்கள்தோறும் தம் கையால் தமிழில் ஒரு கடிதம் எழுதட்டும். பிழை இருப்பின் இருக்கட்டும். தாத்தா திருத்தி மறுமொழி எழுதுவார். பேச்சுத் தமிழ் வீட்டில் கிடைக்கும். எழுத்துத் தமிழ் எழுதினால்தான் கிடைக்கும். முப்பது வயதை நெருங்கும்போது பண்டிதர் முன் அமர்ந்து தமிழ் பயின்றவர் உலகத் தமிழ் மன்றத்தை நிறுவினார் என்றால், பத்து வயதில் தொடங்கும் நம் குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிடவில்லை. பெற்றோராகிய நமக்கும் கடந்துவிடவில்லை. சங்கத்தின் ஆண்டு விழா ஒரு நாளில் முடிந்துவிடும். அக்கடிதங்கள் ஆண்டு முழுவதும் சென்று வருமாயின், அதுவே அடிகளாருக்கு நாம் செலுத்தும் நல்வணக்கமாகும்.

வாழ்க தமிழ்! வளர்க அடிகளார் புகழ்!